கலியாண விசாரிப்புக்கு நான் சொன்ன பதில்

கல்லூரிகளில் படிப்பிக்க வந்திருக்கும் நம்மவர்களில் இளையவர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். "எங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதுங்கள்" என்றார்கள். பயன்படுகிற மாதிரி என்றால் நான் விட்ட பிழைகளைத்தான் எழுத வேண்டும். நான் சரியாகச் செய்தவை ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அதிலும் பாதி என் மனைவி செய்தவை.

பாடத்திட்டம் போடுவது, கட்டுரை திருத்துவது, பின்வரிசையில் தூங்குபவனை எழுப்பலாமா விடலாமா என்பதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்லப் போவது ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றி. மொத்தம் ஏழெட்டு நிமிடம் பேசியிருப்பேன். அதன் பிறகு பத்து நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் உடம்புக்கு அது நல்லதுதான் என்று மனைவி சொன்னாள். ஆனால் அந்தப் பத்து நாளும் ஒரு பிள்ளையின் படிப்பு என் வாயால் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கியூபெக்கில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில், ஆற்றின் நடுவிலுள்ள நகரத் தீவு முடிகிற இடத்தில், ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் கியூபெக்கில் மட்டும் இருக்கிற இரண்டு வருடக் கல்லூரி. அந்தக் குளிர்காலத்திலும் எனக்குக் கிடைத்த பாடம், விக்டோரியா காலத்து நாவல்களில் நகைச்சுவையும் பெண்களின் கலியாணமும். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன் ஒருவன், சனிக்கிழமைதோறும் ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இருப்பவன், பெண்களுக்குக் கலியாணம் எப்படி ஒரு கட்டாயமாக இருந்தது என்று கியூபெக் பிள்ளைகளுக்கு விளக்குகிறான். இதில் இருந்த வேடிக்கை அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாடத்தில் எனக்கு ஒரு பிரசித்தமான காட்சி இருந்தது. நாங்கள் படித்த நாவலில் நடுத்தர வயது வங்கிக்காரர் ஒருவர் ஒரு பெண்ணைக் கலியாணம் கேட்கிறார். மூன்று பக்கத்துக்குக் கேட்கிறார். தன் வீட்டுப் புகைபோக்கிகள் எத்தனை, தன் ஈரலின் நிலவரம் என்ன, காலஞ்சென்ற தாயாரின் வெள்ளிக் கரண்டிகளை எப்படித் துடைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார். பெண்ணுக்கு அந்த மூன்று பக்கத்தில் நாலே வசனம். அதில் இரண்டு, "தேநீர் இன்னும் கொஞ்சம் ஊற்றவா?"

நான் வங்கிக்காரராக மாறுவேன். கழுத்துத் துண்டை மீசைக்குக் கீழே இழுத்துவிட்டு, வயிற்றை முன்னால் தள்ளி (அதற்குப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை), ஒற்றை முழங்காலில் இருந்து, எழும்ப முடியாமல் மேசையைப் பிடித்துத் தடுமாறுவேன். முன் வரிசையில் ஒரு மாணவியைப் பெண்ணின் நாலு வசனத்தை வாசிக்கச் சொல்வேன். வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்கும். பக்கத்து அறை ஆசிரியர் சுவரில் தட்டுவார். எனக்கு அந்தத் தட்டல் கைதட்டல் மாதிரிக் கேட்கும்.

அதற்கு முன்னர் ஒரு பத்து நிமிடம் சட்டத்தைப் பற்றிச் சொல்வேன். அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தில் கலியாணமான பெண் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் இல்லை. அவள் கொண்டுவந்ததும் உழைத்ததும் கணவனுடையவை. அது மெல்ல மெல்லத்தான் மாறியது. கலியாணம் செய்யாவிட்டால் தமையன் வீட்டுப் பின்னறை, அல்லது அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை. கதவு இரண்டு, இரண்டு பூட்டின் திறப்பும் வேறு ஆட்களிடம் என்று பலகையில் எழுதிவிட்டு, கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு, முழங்காலில் இறங்கிவிடுவேன். சட்டத்துக்குப் பத்து நிமிடம், முழங்காலுக்கு அரை மணித்தியாலம்.

அந்தத் தவணை பெண்ணின் வசனங்களை வாசித்தவளை இங்கே டிலானி என்று வைத்துக்கொள்வோம். வயது பத்தொன்பது. வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை. புரோசார்ட்டிலிருந்து வருவாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்து, பாலம் தாண்டி, தீவின் மறு முனை வரைக்கும் இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும். வீட்டுக்குப் பக்கத்தில் கல்லூரிகள் இருக்க ஏன் இவ்வளவு தூரம் வருகிறாள் என்று நான் யோசித்ததுண்டு. கேட்டதில்லை. வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். நாலு வசனத்தையும் ஒழுங்காக வாசித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரம் நான் மேசையைப் பிடித்து எழும்புவதில் மும்முரமாக இருந்தேன்.

அந்த வாரம் கட்டுரைகள் வந்தன. சனிக்கிழமை மத்தியானம் முப்பத்திரண்டு கட்டுரைகளைச் சாப்பாட்டு மேசையில் குவித்து வைத்துக்கொண்டு, திருத்தாமல் இருப்பதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"மாஸ்டரோ? நாங்கள் டொரொன்டோவில இருந்து கதைக்கிறம்," என்றது ஒரு வயதான ஆண் குரல். "உங்கட கோயில் ஆக்கள்தான் நம்பர் தந்தவை. ஒரு பிள்ளையைப் பற்றி விசாரிக்கவேணும். என்ர பெறாமகனுக்கு, தம்பியின்ர மகனுக்கு, கலியாணம் பேசியிருக்கு. பிள்ளை உங்களிட்டத்தான் படிக்குதாம்."

டிலானியின் பெயரைச் சொன்னார். அவளுடைய தகப்பனை எனக்குத் தெரியும். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. ஞாயிறு தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு வந்தால் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்து, முடிந்ததும் நேரே வேலைக்குப் போகிற மனிதர். என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். அவர் வீட்டுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வருகிறது. அதை முடிவு செய்கிற ஒரு சொல் என்னிடம் இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் நம் ஆட்களில் யாருக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் நிமிராது?

இப்படி விசாரிப்பது நம்மிடம் உள்ள வழக்கம். பிள்ளையிடம் கேட்க மாட்டோம். பிள்ளையைத் தெரிந்தவரிடம் கேட்போம்.

"அண்ணை, பிள்ளை தங்கம்," என்றேன். "ரண்டு மாசமா என்ர வகுப்பில இருக்கு, நான் இன்னும் குரலே கேக்கேல்லை. எழும்பி வாசி எண்டால் வாசிக்கும். இரு எண்டால் இருக்கும். என்ர வீட்டில அப்பிடி ஒரு ஆள் கிடைச்சிருந்தால் நான் எப்பவோ மேல வந்திருப்பன்."

அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு பகிடி விட்டேன். அவர் இன்னும் சிரித்தார். நல்லாயிருங்கோ மாஸ்டர் என்று சொல்லி வைத்தார். பகிடி விடுகிறவனுக்கு இது பொல்லாத நோய். எதிரே சிரிப்புச் சத்தம் கேட்டால் அவனுக்கு நிறுத்தத் தெரியாது.

மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

"ஆரின்ர மாடு?" என்றாள்.

"என்னது?"

"விலை பேசினீங்கள். பல் பாத்து, குணம் சொல்லி. அதான் ஆரின்ர மாடு எண்டு கேட்டன்."

கட்டுரைகளின் பக்கம் திரும்பினேன். திருத்துவதற்கு அப்போது நல்ல காரணம் கிடைத்திருந்தது.

டிலானியின் கட்டுரை அடியிலிருந்து மூன்றாவதாக இருந்தது. அதாவது, பிள்ளையின் குரலை இன்னும் கேட்கவில்லை என்று நான் டொரொன்டோவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுடைய குரல் ஆறு பக்கத்துக்கு என் முழங்கைக்குக் கீழே கிடந்தது. ஞாயிறு பின்னேரம்தான் அதற்கு வந்து சேர்ந்தேன்.

அவள் வங்கிக்காரரைப் பற்றி எழுதவில்லை. அந்த நாவலில் கலியாணமாகாத ஒரு சித்தி வருவாள். காது மந்தம், பூனை, கோணல் தொப்பி. அத்தியாயத்துக்கு ஒரு தரம் சிரிக்க வைப்பதற்காகவே ஆசிரியர் வைத்திருக்கிற ஆள். நானும் அவளை அதற்கு மட்டும்தான் பாவித்தேன். டிலானி அவளைப் பிடித்துக்கொண்டாள். இந்த நாவலில் சட்டப்படி தன் பெயரில் ஒரு தேநீர்க் கிண்ணமாவது வைத்திருக்கும் ஒரே பெண் இவள்தான், தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டுகிற ஒரே பெண்ணும் இவள்தான் என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பது அவள் வேடிக்கையானவள் என்பதற்காக அல்ல. சிரிக்காவிட்டால் வீட்டில் இருக்கும் இளம் பெண்கள் அவளை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் சிரிக்கிறார்கள். கலியாணம் கேட்கும் காட்சியில் பெண் நாலு வசனம் பேசுகிறாள். எல்லோரும் சிரித்து முடிகிறபோது அத்தியாயமும் முடிந்துவிடுகிறது. அவள் என்ன பதில் சொல்ல நினைத்தாள் என்று கேட்க அந்தச் சிரிப்பில் யாருக்கும் நேரம் இல்லை.

அந்தப் பாடத்தை ஆறு வருடமாகப் படிப்பித்து வந்திருந்தேன். இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இருப்பதிலேயே கூடிய புள்ளியைப் போட்டேன். போட்ட பிறகு பேனையை மூட முடியவில்லை. இந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசுவது இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. கேள்விக்கு ஒரு நாள் பிந்திவிட்டது.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து அவள் என் அறைக்கு வந்தாள். கதவைத் திறந்து வைத்தேன். மாணவிகள் வந்தால் திறந்து வைப்பேன். அவள் எழும்பிப் போய்ச் சாத்திவிட்டு வந்து இருந்தாள். முதல்முறையாகத் தமிழில் பேசினாள்.

"சேர், டொரொன்டோவில இருந்து ஆராவது உங்களோட கதைச்சவையோ?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

"அவை ஓம் எண்டு சொல்லிப்போட்டினம். நீங்கள் சொன்னதாலயாம். ஜூலையில கலியாணம். அப்பா நேற்று வேலைக்கு லீவு போட்டவர், சேர். எனக்குத் தெரிஞ்சு அவர் லீவு போட்டதே இல்லை. அவ்வளவு சந்தோசம்."

"உமக்கு?"

"எனக்கு யூனிவர்சிட்டியில இடம் கிடைச்சிருக்கு. இஞ்ச. டவுன்டவுனில. அதைச் சொன்னன். அங்க போய்ப் படிக்கலாம்தானே எண்டினம். என்ர மச்சாளுக்கும் அப்பிடித்தான் சொன்னவை. அவ இப்ப ரண்டு பிள்ளையளோட இருக்கிறா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று ஒருவேளை தெரிந்திருக்கும்.

"நான் வகுப்பில வாய் திறக்காத பிள்ளை எண்டு சொன்னனீங்களாம்," என்றாள். "ஏன் திறக்கிறேல்லை எண்டு தெரியுமா, சேர்? தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இடமாப் பாத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். முதல் நாள் கதவைத் திறந்தால் முன்னால நீங்கள் நிக்கிறியள். நான் என்ன கதைச்சாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிடும் எண்டு பயம்."

அவள் பயந்தது சரியாகவே நடந்திருந்தது. அவள் கதைக்காமல் இருந்ததும் கோயிலுக்குப் போய்விட்டது.

பதறினால் நான் பகிடிதான் விடுவேன். "நான் இப்பவே எடுத்து, பிள்ளை சரியில்லை, ஆசிரியருக்கே அடிக்கிற பிள்ளை எண்டு சொல்லட்டோ?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "சொல்லலாம், சேர். பேந்து எனக்கு ஒரு பேர் வரும். தங்கச்சிக்கும் அந்தப் பேர்தான் வரும்."

அதுதான் நான் போட்டிருந்த முடிச்சு. புகழ்ந்தால் விற்பனை. இகழ்ந்தால் அவளுக்குப் பழி. இரண்டிலும் பேசுவது நான். பாதிக்கப்படுவது அவள்.

அவள் போன பிறகு துறைத் தலைவியிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், கியூபெக்கின் கடற்கரையோரக் கஸ்பே பக்கத்துப் பெண். ஆங்கிலத்தில் பேசுவார், பிரெஞ்சில் கோபிப்பார். நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். வங்கிக்காரர், மாடு, எல்லாம். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

முன்பின் தெரியாத ஒருவருக்குத் தொலைபேசியில் ஒரு மாணவியைப் பற்றித் தகவல் கொடுத்தாயா என்று கேட்டார். பிரெஞ்சில் கேட்டார். ஆம் என்றேன். என்ன தகவல் என்று அவர் கேட்கவில்லை. நல்ல தகவலோ கெட்ட தகவலோ அவருக்கு ஒன்றுதான். அந்த நிமிடம் வரை, நல்லதைச் சொல்வது தகவல் கொடுப்பதில் சேராது என்றே நான் நம்பியிருந்தேன். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம்.

பிறகு ஆங்கிலத்துக்கு வந்து கேட்டார்: அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து இருக்கிறதா? அடிப்பார்களா, கடவுச்சீட்டை எடுத்து வைப்பார்களா? எனக்குத் தெரியவில்லை. தகப்பன் தொப்பியைக் கழற்றுகிற மனிதர் என்றேன். அது பதில் இல்லை என்றார். கல்லூரி ஆலோசகரிடம் போகிறாயா என்று அவளிடமே கேள், அவள் என்ன செய்ய விரும்புகிறாள் என்று கேள், உன் திட்டத்தைச் சொல்லாதே. கடைசியாக ஒன்று சொன்னார்: நீ ஒருமுறை அவளுக்காகப் பேசிவிட்டாய். அதைச் சரிசெய்ய இரண்டாம் முறையும் அவளுக்காகப் பேசாதே.

டிலானி ஆலோசகரிடம் போனாள், பிறகு என்னிடம் வந்தாள். ஆபத்து இல்லை, அடிக்க மாட்டார், பயம் அதுவல்ல என்றாள். அப்பா அழுவார், அதுதான் பயம். பிறகு தான் விரும்புவதைச் சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டை வாங்கோ, சேர். நான் அப்பாவோட கதைக்கப்போறன். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். சும்மா இருந்தால் போதும். மாஸ்டர் இருந்தால் அப்பா இருந்து கேப்பார். இல்லாட்டி எழும்பிப் போயிடுவார்."

அதாவது, மேசை கதிரை மாதிரித் தளபாடமாக வர வேண்டும். சம்மதித்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேசாமல் இருந்து பழகினேன். டொக்டரிடம் போகலாமா என்று மனைவி கேட்டாள்.

ஞாயிறு பின்னேரம் புரோசார்ட். மூன்றாம் மாடியில் சின்ன வீடு. வாசல் பாயில் ஈரச் சப்பாத்துகள். தகப்பன் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். நான் வாழ்த்துச் சொல்ல வந்திருப்பதாக அவர் நினைத்துவிட்டார். தாய் சின்னவளை அறைக்குள் அனுப்பிவிட்டு பொரித்த இறைச்சி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். டிலானி சமையலறை வாசலில் நின்றாள்.

"மாஸ்டரின்ர ஒரு சொல்லுதான்," என்றார் தகப்பன். "வேற ஒண்டும் கேக்கேல்லை அவை. வாத்தியாரே சொல்லிப்போட்டார், பேந்து என்ன எண்டு கேட்டவை. நான் கிச்சினில பதினாறு வருசம் நிண்டு கால் வீங்கினது இதுக்குத்தான், மாஸ்டர்."

டிலானி வாயைத் திறந்தாள். "அப்பா..." என்றாள். நான் பொறுத்திருக்க வேண்டும். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வாரப் பயிற்சி ஒரு நொடியில் போயிற்று.

"அண்ணை, நான் சொன்னது பிழை," என்று அவளுக்கு முன் நான் தொடங்கிவிட்டேன். "வாய் திறக்காத பிள்ளை எண்டு சொன்னனான். அது சரியில்லை. நல்லாக் கதைக்கும். எழுதும். வகுப்பிலயே கூடின புள்ளி. தனக்கெண்டு ஒரு யோசனை உள்ள பிள்ளை. அவையளுக்கு அதையும் சொல்லவேணும்தானே."

உண்மையைச் சொன்னால் அவர்கள் பின்வாங்குவார்கள் என்று என் கணக்கு. நூற்றைம்பது வருடப் பழைய நாவல்களில் அப்படித்தான் நடக்கும். தகப்பனுக்கு ஒரு கணம் திகைப்பு. பிறகு நியாயமான மனிதர் செய்வதைச் செய்தார்.

"அது சரி. மறைக்கக்கூடாது," என்று தொலைபேசியை எடுத்து டொரொன்டோவுக்கு அழைத்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். மாஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னார்.

"கதைக்கிற பிள்ளையோ?" என்றது அந்தக் குரல். "அட, அதெல்லோ நல்லது. எங்கட பெடியன் வாயே திறக்கமாட்டான், அதான் எங்களுக்குக் கவலை. ரண்டில ஒண்டு கதைக்கவேணும்தானே. மாஸ்டர், இன்னும் நல்ல செய்தி சொன்னீங்கள்."

தகப்பன் சிரித்தார். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தொலைபேசியும் சிரித்தது. என்ன சொன்னாலும் அது அவளுடைய விலையைத்தான் கூட்டுகிறது. திருத்தப் போய் இரண்டாம் முறையும் விற்றுவிட்டேன்.

அப்போது டிலானி வாசலில் இருந்து வந்து தொலைபேசிக்குக் கிட்ட முழங்காலில் இருந்தாள். மேசை உயரம் குறைந்தது, அதனால்தான்.

"அங்கிள், நான் டிலானி," என்றாள். "என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். நான் இஞ்ச யூனிவர்சிட்டிக்குப் போகப்போறன். உங்கட பெறாமகனில ஒரு பிழையும் இல்லை. எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்."

பிறகு வந்த மௌனத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதற்குள் இருக்கிறது.

ஒரு வீட்டில் அப்படி ஒரு மௌனம் விழுந்தால் எல்லோரும் ஒரு பகிடிக்காரனைத் தேடுவார்கள். தகப்பன் என்னைப் பார்த்தார். தாய் என்னைப் பார்த்தார். தொலைபேசியே என்னைப் பார்ப்பது போல் இருந்தது. என் நாக்கில் ஒன்று தயாராக இருந்தது. நல்ல பகிடி, இப்போதும் நினைவிருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் மூச்சு விட்டிருப்பார்கள். டொரொன்டோ சிரித்திருக்கும். சின்னப் பிள்ளைதானே, பயத்தில் சொல்கிறது, பேந்து கதைப்பம் என்று முடிந்திருக்கும். அவள் சொன்ன ஏழு வசனமும் அந்தச் சிரிப்போடு கரைந்து போயிருக்கும். அந்த நாவல்களில் அது எத்தனை தரம் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே பெண்கள் நேரே சொல்ல முடியாததைப் பகிடியாகச் சொல்லிவிடுவார்கள் என்று நான் படிப்பித்திருக்கிறேன். அது உண்மைதான். பெண் நேரே சொல்லிவிட்டதை மற்றவர்கள் பகிடியால் மூடிவிடுவார்கள் என்பதை நான் படிப்பிக்கவில்லை.

ஒரு முழு ரோலை எடுத்து வாய்க்குள் திணித்தேன். அவ்வளவு பெரிய ரோல் ஒரே தரத்தில் உள்ளே போகும் என்று எனக்கே தெரியாது. உறைப்பு உச்சந்தலைக்கு ஏறிக் கண்ணால் தண்ணீர் வந்தது. நான் அழுகிறேன் என்று தாய் நினைத்திருக்க வேண்டும். மென்றுகொண்டே இருந்தேன். மௌனம் நீண்டது. யாரும் அதை மூடவில்லை.

"சரி பிள்ளை," என்றது தொலைபேசி கடைசியில். குரலில் சிரிப்பு இல்லை. மரியாதை இருந்ததா கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "விளங்குது. நான் தம்பியோட கதைக்கிறன். அப்பாட்ட வணக்கம் சொல்லும்." வைத்துவிட்டார்.

தகப்பன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எழும்பினார். அலுமாரியைத் திறந்து என் கோட்டைக் கொண்டுவந்து, நான் கை போடுவதற்கு விரித்துப் பிடித்தார்.

"பாத்துப் போங்கோ, மாஸ்டர்," என்றார். "படியில ஐஸ்."

கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கதவு எனக்குப் பின்னால் மெல்லச் சாத்தப்பட்டது. உள்ளே சத்தம் எதுவும் கேட்கவில்லை. நான் படியில் கொஞ்ச நேரம் நின்று கேட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பிறகு பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி வந்தேன். ஆறு முழுக்க உறைந்திருந்தது. அந்தத் தகப்பன் அழுவாரா, அவள் மனம் மாறிவிடுவாளா, நாளைக்கு அவளுடைய புத்தகங்கள் ஒரு பெட்டிக்குள் போய்விடுமா? அந்த வழியெல்லாம் எனக்கு வேறு யோசனை இல்லை.

திங்கட்கிழமையும் அப்படியே போனது. கல்லூரியிலிருந்து அவள் வீட்டுக்கு எடுத்து விசாரிக்கலாமா என்று இரண்டு தரம் தொலைபேசியில் கையை வைத்தேன். விசாரிப்பு என்ற சொல் நினைவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கியபோது அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. நான் அந்தச் சித்தியைப் பற்றி, டிலானியின் பெயரைச் சொல்லாமல், அவள் எழுதியிருந்ததைப் படிப்பிக்கத் தொடங்கினேன். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. தொப்பியில் பனியோடு வந்தாள். பாலத்தில் பஸ் நின்றுவிட்டதாம். தன் கதிரையில் இருந்தாள். ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

"அது முழுக்கச் சரியில்லை, சேர்," என்று ஆங்கிலத்தில், வகுப்பு முழுக்கக் கேட்க, சொன்னாள். சித்தியைத் தலைவியாக்குவதும் ஒரு தப்பித்தல்தான், அவள் கதவைப் பூட்டுகிறாள், ஆனால் வெளியே போக அவளுக்கும் இடமில்லை என்று விளக்கினாள். அதாவது, தன் கட்டுரையையே மறுத்தாள். ஒரு பையன் அவளோடு வாதாடினான். அவள் விடவில்லை. நான் பலகைக்கு முன்னால் சோக்குக் கட்டியோடு நின்றேன். எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவள் பையை மூடிக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போனேன். குரலைத் தணித்துக்கொண்டேன்.

"வீட்டில என்ன மாதிரி? அப்பா என்ன சொன்னவர்?"

அவள் பையைத் தோளில் போட்டாள். என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஆனால் முடிவாகப் பார்த்தாள்.

"யூனிவர்சிட்டிக்கு ஓம் எண்டு கடிதம் போட்டாச்சு," என்றாள். "மிச்சம் எங்கட வீட்டுக் கதை, சேர். அது உங்களுக்குச் சொல்லுறதுக்கில்லை."

"சரி," என்றேன்.

அவள் போனாள். என்ன நடந்தது, யார் அழுதார், யார் சம்மதித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் யாரிடமும் கேட்கவுமில்லை.